கட்டிப்பால் பாட்டில்

சனிக்கிழமை, ஈப்போ சிலிபின்.

கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்கு மணம் அறியும் திறனை இழக்கலாம். அதை வைத்து நடுக்குவாத நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. வெளிநாட்டுச் சோதனைப் பெட்டியில் பைன் மர வாசனை இருந்தது. இங்கே அதை யார் முகர்ந்திருக்கிறார்கள்? நல்ல மூக்குக்காரர்களும் தோற்றார்கள்.

அதனால் இன்று தேவாலய மண்டபத்தில், பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களிடம், மரத்துப் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்து நாறும் கட்டிப்பாலை ஒரு பாட்டிலில் போட்டு நீட்டினேன். பால்மரம் வெட்டிய மேரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கட்டிப்பால் லா இது. மூடு தங்கச்சி."

மண்டபமே சிரித்தது. உள்ளூர் வாசனையெல்லாம் எதற்கு என்ற என் பேராசிரியர் இனி என்ன சொல்வார், பார்க்கிறேன். சந்தோஷத்தில் இரவுச் சோறுகூட இறங்கவில்லை.

காலையில் அந்தப் பாட்டிலைச் சித்தியவானிலிருந்து அண்ணன் காரில்தான் கொண்டுவந்தேன். மூடி சரியில்லை. கார் முழுக்க நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலை இறக்கினேன்.

"எதுக்கு இறக்குற? ஏர்கோன் போகுது லா" என்றார் அண்ணன்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஈப்போ வரும்வரை சன்னலை ஏற்றியே வைத்திருந்தார். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: அவருக்கு அந்த நாற்றமே தெரியவில்லை.

சளி பிடித்திருக்கலாம். நாளைக்கு, சளி இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.