நீங்கள் விட்டுக்கொடுத்த தண்ணீர் முறை

அக்கா,

மூத்த மகளின் மகன் பொறியியல் முடித்து வேலைக்குப் போய்விட்டான். அவன் தம்பிக்கு ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஏ. மாவட்டத்தில் எத்தனையாம் ஆள் என்று கேட்காதீர்கள், மறந்துவிட்டேன், நல்ல இடம்தான். மகனின் மகள் குர்ஆனை முழுக்க மனனம் செய்து ஹாபிழா ஆகிவிட்டாள். இளைய மகளின் பிள்ளை, என் கடைக்குட்டிப் பேத்தி, கம்பஸில் பயிர்களைப் பற்றிப் படிக்கிறாள், மாஷா அல்லாஹ்.

இவ்வளவும் எழுதி, வழக்கம்போல உங்களிடம் புதுப் போட்டோ கேட்கப் போனபோதுதான் பேனை நின்றது. கனடாவில் மகன் வீட்டில் நீங்கள் கண்மூடி ஐந்து மாதம். இந்தக் கைக்கு அதை யாரும் சொல்லவில்லை போல.

எழுத வைத்தது கடைக்குட்டி கொண்டுவந்த ஒரு படம். நெல்லின் இலையைப் பென்னம் பெரிதாகக் காட்டும் கருவியில் வைத்து எடுத்ததாம். பச்சைக்குள் வரிசை வரிசையாகச் சின்ன உதடுகள்.

"இது என்னகா, மீன் வாய் மாதிரி?"

"இலைட வாய் உம்மும்மா. மண்ணுல தண்ணி குறைஞ்சா வேர்தான் முதல்ல அறியும். ஓமோன் எண்டு ஒரு சுரப்பு உண்டாகி இலைக்குச் சேதி போகும். வாய்க்கு ரெண்டு பக்கமும் காவல் நிக்கிற கலங்கள் அந்தச் சேதிக்குச் சுருங்கி வாயை மூடிரும். இருக்கிற தண்ணி ஆவியாப் போகா."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் உடனே விளங்கியது. சவளக்கடை வயலில் நீங்கள் எனக்குக் காட்டியதுதானே அது.

அந்தச் சிறுபோகம் நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் உழவு மெஷினிலிருந்து விழுந்து, கால் முறிந்து கிடந்தார். வயலை நான்தான் பார்த்தேன். பாண்டிருப்பிலிருந்து வந்து நீங்கள் செய்த வயல் வாய்க்காலோரம், என்னுடையது அதற்கு அடுத்தது. குளம் வற்றி, தண்ணீர் முறை வைத்தார்கள். என் முறைக்கு இன்னும் எட்டு நாள். உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால், கதிர் வயிற்றில் இருந்த பயிர் முழுக்க ஊசி ஊசியாகச் சுருண்டு நின்றது. வேளாண்மை போனால் வருசம் முழுக்க உடன்பிறந்த நானாவின் வாசலில் அரிசிக்கு நிற்க வேண்டும்.

பட்டியோடு வந்த மாட்டுக்காரர் வரம்பில் குந்தினார். "ராத்தா, இது இனி நெல்லாகா. என்ட மாடாவது தின்னட்டும்."

நானும் ஓம் என்றுவிட்டேன். அப்போது வந்தது உங்கள் சத்தம்:

"அடியே, உசிரோட இருக்கிறதை மையத்தெண்டு சொல்றியா? உச்சி வெயில்ல பயிரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாத. நாளைக்குச் சுபஹு தொழுதுட்டு வா. அப்பவும் சுருண்டு கிடந்தா, மாட்டை நானே கொண்டாந்து விடுறன்."

"மாமி சொன்னா மாடும் கேக்கும்," என்று முணுமுணுத்தபடி அவர் பட்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியலில் எனக்கு முன்னரே நீங்கள் வரம்பில் நின்றீர்கள். இலைகள் எல்லாம் விரிந்திருந்தன. நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். நேரே தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் போய், "இப்ப வாற என்ட தண்ணி முறைய இவளுக்குக் குடுங்க, நான் இவள்ட முறையில எடுக்கிறன்" என்றீர்கள். வாய்க்காலோரத்து வயல்தானே, ஈரம் இருக்கும் என்று நினைத்து, சரி அக்கா என்று தலையாட்டினேன்.

அறுவடையில் நீங்கள் தூற்றியபோது பதர் பறந்தது.

"என்ன அக்கா, உங்கட நெல்லுல இவ்வளவு பதர்?"

"என்ட வயலுக்குக் கொழுப்பு புள்ள, கொஞ்சம் மெலியட்டும்."

நானும் சேர்ந்து சிரித்தேனே அக்கா!

இந்த வயதில் கடைக்குட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன். "வாயை மூடிக்கிட்டே எத்தின நாளும் இருக்கலாமா?"

"ஏலா உம்மும்மா. வாயை மூடினா காத்தும் உள்ள போகா. காத்தில்லாட்டி இலை சாப்பாடு ஆக்க ஏலா. தண்ணி மிச்சம், ஆனா பட்டினி. கதிர் வாற நேரமெண்டா பதர்தான்."

படத்தை மறுபடி மடியில் எடுத்துப் பார்த்தேன். அந்த எட்டு நாளும் வாயை மூடிப் பட்டினி கிடந்தது உங்களுடைய பயிர். என் வீட்டுப் பானையில் கொதித்த சோறு உங்கள் வயலில் பதராய்ப் பறந்தது. உங்களுக்கு அது முன்கூட்டியே தெரியும். எத்தனை கடிதம் எழுதினேன்! ஒன்றிலாவது இதற்கு ஒரு நன்றி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வயலை இப்போது மருமகன் செய்கிறார். எங்கள் முறைத் தண்ணீர் வரும் நாளில் நானும் ஓட்டோவில் போய்விடுவேன். மடையைத் திறக்க முன்னர் பக்கத்து வயல்களை ஒரு தரம் பார்க்கிறேன், யாருடையதாவது சுருண்டு நிற்கிறதா என்று. "இது என்ன பழக்கம் மாமி?" என்று மருமகன் கேட்கிறார். உங்கள் பழக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

இலைவாய்ப் படத்தை இத்துடன் வைக்கிறேன். கடிதத்தைப் பிரிப்பது உங்கள் மகனாகத்தான் இருக்கும். தம்பி, உங்கட சின்ன மகளுக்கு அம்மாட நெற்றி, அம்மாட சிரிப்பு எண்டு போன்ல சொன்னீங்களே. அவள்ட புதுப் போட்டோ ஒண்டைத் தபாலில் போடுங்க. சிரிக்கிற போட்டோவாப் போடுங்க.