எதிர்ப்பக்கம் சாய்ந்த முடிச்சு

சங்கரன்கோவில்
12.8.1984

அன்புத் தம்பிக்கு,

தறிகளை விற்கும் பேச்சை இப்போது எடுக்காதே.

இந்த ஊரில் விசைத்தறிக்கூடம் நடத்த வந்த முதல் பெண் என்று அம்மாவைச் சொல்வார்கள். முதலாளியான பிறகும் பாவு நூலில் அறுந்த இழைக்கு அவளே முடிச்சுப் போடுவாள். இடக்கைக்காரி என்பதால் அவள் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், நினைவிருக்கிறதா?

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடித்துத் தறிகளை மறுபடி ஓட்டினோம். நேற்று இறக்கிய சேலைகளில் அதே சாய்ந்த முடிச்சுகள். தறி ஓட்டும் தங்கத்தாய் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா இங்கனதான் நிக்காவ," என்றாள். திட்டி அனுப்பினேன்.

இன்று காலை அறுந்த இழைக்கு நானே முடிச்சுப் போட்டேன். அதுவும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தங்கத்தாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து அம்மாவுடையதுபோல இருக்கிறதே என்று பயந்துவிடாதே. இரண்டு நாளாகப் பேனா என் வலக்கையில் நிற்கவில்லை.

உன் அக்கா