காஞ்சிடுச்சு என்று சொன்னவன் நான்

மச்சான்,

இன்றைக்குக் காலையிலும் என் வீட்டுக்காரி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்துச் சுண்டினாள். 'சொய்ங்' என்றது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "ஏழெட்டு வருசமா இதே ரோதனை. தோசை வேணான்னா வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்யா" என்று உள்ளிருந்து கத்தினாள். அவளுக்கு இன்னும் தெரியாது. உன் மகளுக்கு மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் நாம் பழைய இரும்பை உருக்கிக்கொண்டிருந்த காலம். மழை பெய்தால் யார்டில் கிடக்கும் இரும்புக் கட்டெல்லாம் நனைந்துவிடும். ஈரக் கட்டு உலைக்குள் போனால் அந்தத் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகி, உருகின இரும்பை நம் மேலேயே வாரி அடிக்கும். அதனால் உலைமேடைச் சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்துத்தான் உள்ளே தள்ளுவோம். காய்ந்ததா என்று பார்க்க வழி சொன்னவன் நீ. தண்ணீர் சுண்டு, 'சொய்ங்' என்றால் போடு. "என் பொண்டாட்டி தோசைக்கல்லுல தினம் இதத்தான் பண்றா. இன்ஜினியரு வந்து புதுசா இன்னா சொல்லப்போறான்?" என்று சிரித்தாய். மேடையில் எல்லாருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

உன் மகள் அப்போது ஆறாவது. மீள் மாற்றம், மீளா மாற்றம் என்று அவள் மனப்பாடம் செய்த பாடத்தை நீ நாஷ்டா நேரத்துக்குக் கொண்டுவந்தாய்.

"ஐஸு?"

"திரும்பும்."

"வெந்த முட்டை?"

"திரும்பாது."

"இரும்பு?"

"நீயே சொல்லு."

"எத்தினி தபா உருக்குனாலும் திரும்பும்டா. அதான் நமக்கு சோறு."

அந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை ஷிப்டு. நீ உலை வாயில் நின்றாய், கட்டைப் பார்க்கிற வேலை எனக்கு. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வேறு கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் சுண்டினேன், 'சொய்ங்' என்றது. "காஞ்சிடுச்சு மச்சான், போடு" என்றேன். தோசைக்கல் ஒரே தகடு. இது அழுத்திக் கட்டின கட்டு. மேலே சுட்டாலும் நடுவில் தண்ணீர் நின்றிருக்கும். இவ்வளவுதான் விஷயம், ஒரு பாவிக்கும் தோன்றவில்லை. நான் டீ கிளாசை எடுக்கத் திரும்பினேன். சத்தம் கேட்டது. எனக்கு முதுகில் இரண்டு பொட்டு. மிச்சமெல்லாம் உனக்கு.

தீக்காய வார்டில் மூன்று நாள் இருந்தாய். வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய்: "இது திரும்புமாடா?" நான் "திரும்பும் மச்சான்" என்றேன். நீ நம்பவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

காரியம் முடிவதற்குள் சூப்பர்வைசர் ஒரு காகிதம் நீட்டினார். ஈரம் பார்க்காமல் அவசரப்பட்டு நீயே போட்டுவிட்டாய் என்று எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடு, உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். போட்டேன். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு என்று அன்றைக்கு ஆயிரம் காரணம் இருந்தது. எல்லாம் சப்பைக்கட்டு. உன் மனைவி கேட்டில் என்னை நிறுத்தி, "தண்ணி தெளிக்காம தோசகூட ஊத்தவுடாத மனுசன். அவரா பாக்காம போட்டாரு? நீ கூடத்தான இருந்த, சொல்லு" என்று கேட்டாள். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நான் உள்ளே போய்விட்டேன்.

போன ஞாயிறு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். உன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். உன் பேருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சடித்திருந்தது. அதே புருவம், அதே சிரிப்பு. "அப்பா எடத்துல நீங்கதான் மாமா நிக்கணும்" என்றாள். பிறகு, "மாப்ள ஊட்ல கேட்டாங்க, அப்பா எப்டி செத்தாருன்னு. அவசரக்காரரு, அவரே போட்டுக்கினாருன்னு சொன்னேன். எல்லாரும் அப்டிதான சொல்றாங்க" என்றாள்.

"இல்லம்மா. பாத்தது நானு. காஞ்சிடுச்சு, போடுன்னு சொன்னதும் நானு. உங்கப்பா என்னை நம்பித்தான் போட்டான்" என்றேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. தட்டில் வைத்த பத்திரிகையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அம்மா இன்னும் அதையேதான் கேட்டுக்கினு கெடக்குது. நீங்களே வந்து சொல்லுங்க. அப்பறம் தர்றதா வேணாமான்னு அம்மா சொல்லட்டும்" என்று எழுந்து போய்விட்டாள்.

நாளைக் காலை எளாவூருக்கு, உன் வீட்டுக்கு, பஸ் ஏறுகிறேன். இன்றைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரியிடமும் சொல்லிவிடுவேன். அந்த 'சொய்ங்' சத்தமும் நீ வார்டில் கேட்ட கேள்வியும் சாகிறவரை என்னோடுதான் இருக்கும். உன் மனைவி துடைப்பத்தை எடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். நீ திரும்பப்போவதில்லை. உன் பேராவது திரும்பட்டும், மச்சான்.