மணி அடிக்கும் வரை

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதம் எழுதுடா என்றாய். எழுதிவிட்டேன், திருப்தியா? நீ சேர்த்துவிட்ட ஜென் வகுப்புக்கும் போனேன். சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு மூச்சைப் பத்து வரை எண்ண வேண்டும். தவறினால் மறுபடி ஒன்று. நான் மூன்றைத் தாண்டவில்லை. மணி அடிக்கும் வரை எழக் கூடாதாம். கால் மரத்தாலும், யார் கத்தினாலும், "வந்தா வரட்டும், போனா போகட்டும்" என்கிறார் மாஸ்டர். எனக்கு நடக்கிற காரியமா இது?

உன் பட்டாசு

மார்ச் 7

என் பட்டாசுத் தம்பிக்கு,

ஆசிகள். உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, ஒரு வாரமா வீட்ல தட்டு பறக்கல" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி கட்டி வைத்திருந்தவளடா அவள். விட்டுவிடாதே. உட்கார்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

ஏழு வரை வந்துவிட்டேன்! வீட்டில் பிள்ளைகள் விடுவதில்லை, அதனால் வேலை நேரத்தில் ஐஸ் ஃபாக்டரியிலேயே உட்காருகிறேன். மிஷின் ரூமில் ஒருமுறை மீட்டர் பார்த்துக் குறித்தால் அடுத்த ஒரு மணி நேரம் சும்மாதான். பைப்புகளுக்குப் பின்னால் நல்ல வெள்ளைச் சுவர் இருக்கிறது. அலாரம் கடிகாரம்தான் மணி. நேற்று எங்கோ 'உஸ்' என்றது, பைப்பில் ஓடுகிற அமோனியாவின் வாடையும் லேசாக வந்தது. பழைய ஆளென்றால் ஸ்பேனரோடு ஓடியிருப்பேன். வரட்டும், போகட்டும் என்று இருந்தேன். மணி அடித்தபின் பார்த்தால் ஒன்றுமில்லை. கூட இருக்கும் ஆபரேட்டர் என்னைச் சாமியார் என்கிறார்.

தம்பி

மார்ச் 19

தம்பி,

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிடும் போலிருக்கிறது. அந்தச் சத்தத்தையும் வாடையையும் கவனிக்கத்தானே உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள்? பள்ளிக்கூட லேபில் இருபது வருஷமாக அமோனியா பாட்டிலைத் திறந்து மூடுகிறவள் சொல்கிறேன், கேள். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். வாடை போன மாதிரி இருக்கும், போயிருக்காது. மூச்சையே நிறுத்திவிடும் விஷமடா அது. மொட்டை மாடியில் உட்கார், குளியலறையில் உட்கார், அங்கே மட்டும் வேண்டாம்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

இன்று பத்து! ஒருமுறைகூடத் தவறவில்லை. உன் பயத்தையும் வரட்டும், போகட்டும் என்று விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த 'உஸ்' இப்போது தினமும் வருகிறது. அதோடு சேர்த்தே மூச்சை எண்ணுகிறேன். நாலு நாளாய் வாடையே இல்லை, கண் மட்டும் எரிகிறது. இருபத்தேழாம் தேதி முதல் அந்த ஆபரேட்டர் லீவு. போனையும் அணைத்துவிட்டுத் தனியாக உட்காரப் போகிறேன். என்னை மனுஷனாக்கியவள் நீதான்.

தம்பி

மார்ச் 27, பஸ்ஸில்

தம்பி,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. உன் போன் அணைந்திருக்கிறது. உன் மனைவியைக் கேட்டேன். "சீக்கிரமே போயிட்டாரு அண்ணி, சிரிச்சிக்கிட்டே போனாரு" என்றாள். அவளையும் ஓடச் சொல்லியிருக்கிறேன். ஃபாக்டரிக்கு ஏழு முறை போன் அடித்துவிட்டேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரப் பயணம். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன். உன் கையிலேயே கொடுப்பேன், நீ படித்துவிட்டு என்னைக் கேலி செய்வாய்.

உட்கார், உட்கார் என்று உன்னை உட்கார வைத்தவள் நான்தான். நானே சொல்கிறேன், மணிக்குக் காத்திருக்காதே. எழுந்திருடா.

அக்கா