நாற்பத்து நான்காம் எண்

நிலவு, தென்துருவச் சுரங்கம். நிர்வாக அலுவலகம், தொலைபேசி கன்சோல்.

நாள் 1 – 09:10
கன்சோல் பொருத்தியாயிற்று. அறுபத்து நான்கு எண்கள், எல்லாம் வேலை செய்கின்றன. எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வரப்போகிறவருக்காக எழுதுகிறேன்: இங்கே தொலைபேசிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அவற்றைப் பிடித்திருப்பவர்களைப் பற்றிப் பயப்படுங்கள். கணக்குப் பிரிவு ஆளுக்கு வீணை ஒலியில் மணி அடிக்க வேண்டுமாம். மூன்றாம் செமஸ்டரில் கல்லூரியை விட்டு ஓடியவன் நான். இவர்கள் முடித்துவிட்டு வந்தவர்கள்.

நாள் 2 – 11:40
மேலாளர் ஞானசிகாமணி அழைத்தார்.
“தம்பி, கூட்டினா எட்டு வர்ற நம்பர் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. போன மாசம் டிரில் உடைஞ்சது எதனாலன்னு நெனைக்கிறே?”
“சார், 44 அவசர லைன்.”
“45 ஆக்கிடு. இதுக்கெல்லாமா யோசிப்பாங்க?”
8, 17, 26, 35, 44, 53, 62. ஏழு எண்களையும் நீக்கி, அவசர லைனை 45-க்கு மாற்றினேன். சுற்றறிக்கையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பினார். பூமியிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுவர எடை அனுமதி வாங்கியிருக்கிறார் மனிதர்.

நாள் 5 – 14:20
பதினைந்து நிமிடமாகக் கன்சோல் கத்துகிறது. மூன்றாம் சுரங்கத்திலிருந்து யாரோ 44-ஐ அழைக்கிறார்கள். ஒன்பது முறை. “அப்படி ஓர் எண் இல்லை” என்று பதில் போகிறது, மறுபடி அழைக்கிறார்கள். சுற்றறிக்கையைப் படிக்கத் துப்பில்லாத கூட்டம். அந்தத் தொலைபேசியை முடக்கினேன். அமைதி.

நாள் 5 – 14:50
பராமரிப்புப் பிரிவு ஏசுவடியானிடம் சுரங்கத்து ஆட்களைப் பற்றிப் புகார் சொன்னேன்.
“ஐயோ, தம்பி! சுரங்க போன்ல நம்பர் பலகையே கிடையாதுப்பா. செவப்பு பொத்தான் ஒண்ணுதான். அமுக்கினா 44 மட்டுந்தான் போகும்.”

நாள் 5 – 14:53
முடக்கத்தை எடுத்தேன். 44-ஐத் திரும்ப வைத்தேன். உடனே மணி.
“எலே, எத்தன மட்டம் அமுக்குதது? எல்லாரும் செத்தா போயிட்டிய? கதவு விழுந்து அடச்சிட்டு. இசக்கியம்மா பேசுதேன். மூணு பேர் கெடக்கோம். காத்து நாப்பது நிமிசம்னு காட்டுது.”
மீட்பு வண்டியை அனுப்பினேன். போய்ச் சேர ஒரு மணி நேரமாகும்.
அவர்கள் முதலில் அழைத்தது 14:05.

நாள் 5 – 15:20
லைனை வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 
“எட்டா? எட்டுக்காகவாலே?” சிரித்தார். பின்னால் ஒருவர் இருமினார். “சிரிச்சா காத்து போயிரும்னு இவன் வையுதான். நீ வச்சிராத, என்ன.”
வைக்கவில்லை அக்கா.

நாள் 5 – 15:58
வண்டி போய்ச் சேர்ந்தது. மூவரும் உயிரோடு இல்லை. லைனில் 15:34-க்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் தடவியது மேலாளர். முடக்கியது நான். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 6 – 10:15
மேலாளர்:
“பாத்தியா? எட்டை மறுபடி உள்ள விட்டே, மூணு உசிரு போச்சு. மத்தியானத்துக்குள்ள எடுத்துடு.”
நான் எழுதியதில் பிழை இல்லை. அப்படியேதான் சொன்னார். சுற்றிலும் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், படித்தவர்கள்.
மற்ற நான்கு சுரங்கங்களில் இப்போது அறுபது பேர் இருக்கிறார்கள். அறுபது பேருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தான்தான்.

நாள் 6 – 12:05
கன்சோலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அறையை உள்ளே பூட்டியிருக்கிறேன். “வேலையை விட்டுத் தூக்கிடுவோம்டா!” என்கிறார்கள் வெளியே. இவர்களுக்குத் தெரிந்த பெரிய தண்டனை அவ்வளவுதான்.

நாள் 6 – 12:31
கதவை இடிக்கிறார்கள். கீல் ஒன்று கழன்றுவிட்டது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மேலாளர் கத்துகிறார். கன்சோலில் ஐந்தாம் சுரங்கத்தின் விளக்கு எரிகிறது.
“கேக்குதுண்ணே, சொல்லுங்க. எத்தனை பேரு இருக்கீங்க? அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க, எத்தனை