மக் அள்ளும் பொடி

ஊரிகம்,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

அன்பு மகன் ரோனிக்கு, அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நான் நலம், நெற்றியில் போட்ட தையலைத் தவிர. உன் அப்பா உயிரோடு இருக்கிறார். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் பேசினால் முதலில் திட்டத்தான் வாய் வரும், நீயும் கட் செய்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு ராஜ்குமார் இதைப் படமெடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான், கடைசி வரை படி.

அப்பாவுக்குப் பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து அனுப்பியபோது பெங்களூர் டாக்டர் சொன்னது உனக்கே தெரியும். குழைந்த சோறு, தயிர், இட்லி, கஞ்சி. வயிறு கொஞ்ச காலம் இஷ்டத்துக்கு ஆடும், தானாக அடங்கும், எங்களைக் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம் என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போது வந்தான் உன் மாமன் பிரதாப், என் கூடப் பிறந்த சண்டாளன். தங்க மைன்ஸ் மூடும்வரை அப்பா கேங்கில் இருந்தவன், ராபர்ட்சன்பேட்டையில் மூலிகைக் கடை போட்டதிலிருந்து தன்னை வைத்தியர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "இன்னா மாமா, ப்ளாஸ்டிங் முடிஞ்சா மக்கை அள்ளாம உட்ருவோமா? உள்ள கத்தி வச்சிருக்காங்க, அளுக்கு நிக்காதா?" என்று கேட்டிருக்கிறான். வெடி வைத்து உடைத்த கல்லைத்தானே மக் என்பார்கள், அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் ஆயுசெல்லாம் அள்ளியது அதைத்தானே. வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் துரத்தியிருப்பார். மக் என்றதும் மனுஷன் மயங்கிவிட்டார். குடலைச் சுத்தம் செய்யும் பொடியாம், பேதிக்குக் கொடுக்கிற நிலாவரையும் இன்னும் என்னென்னவோ இலையும் இடித்தது. எனக்குத் தெரியாமல் வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார், பிறகு டாக்டர் கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து வயிறு போனபடியே இருந்தது. மத்தியானம் கக்கூஸ் கதவைத் தட்டினால் பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்தேன், தரையெல்லாம் ரத்தம், அதில் குப்புறக் கிடந்தார். ராஜ்குமார்தான் தூக்கி பெங்களூர் போகிற ஆம்புலன்சில் போட்டான். உடம்பில் நீரும் உப்பும் வற்றி இருதயம் தாறுமாறாக அடித்தது, தைத்த இடம் மயிரிழையில் தப்பியது, பிரிந்திருந்தால் மலம் வயிற்றுக்குள் கொட்டிச் செத்திருப்பார் என்றார் டாக்டர். அவரை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு நான் ரயிலேறி ஊருக்கு வந்தேன். ஜெபம் பண்ண வந்தேன் என்று நினைக்காதே. கதவுக்குப் பின்னால் நிற்குமே, பாறையில் துளை போடுகிற ஜம்பர் கம்பி, அதை எடுத்துக்கொண்டு நேராகப் பிரதாப் கடைக்குப் போனேன். கண்ணாடி ஜாடி ஒன்றுவிடாமல் உடைத்தேன். அக்கா அக்கா என்று குறுக்கே வந்தவனையும் அடித்தேன். தோள் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, கேட்டும் இன்னொரு அடி போட்டேன். கடைத்தெருவில் இருந்தவர்கள் என்னைப் பிடித்து இழுக்காவிட்டால் மண்டையைப் பிளந்திருப்பேன். சத்தியமாக எனக்கு வருத்தமில்லை. போலீசுக்கும் அவன் போகவில்லை, எந்த முகத்தோடு போவான்?

இன்னும் முடியவில்லை, கேள். வார்டுக்கு மாற்றியதும் அப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவரச் சொன்னார், நானும் கொண்டுபோனேன். துடைத்துக் கொடுக்கலாம் என்று திறந்தால் உள்ளே அதே பொடி, பொட்டலமாக. பிடுங்கினேன், அவர் விடவில்லை. கையில் ஊசியோடு படுத்திருந்தவருக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, டம்ளரை எடுத்து வீசினார், நெற்றி கிழிந்தது. நானும் கன்னத்தில் ஒன்று விட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. ரத்தத்தைத் துடைக்காமலே கத்தினேன், "வெடி வச்ச உடனே எவனாச்சும் மக் அள்ள ஓடுவானா? பொகை அடங்காம உள்ள போனவன் கேஜ் லிஃப்ட்ல பொணமாத்தான மேல வந்தான்? உங்க வவுத்துல இன்னும் பொகை அடங்கலைய்யா" என்று. வார்டே எட்டிப் பார்த்தது. அவர் சொன்னார், "நம்ம ரோனியே சொன்னான்மே. ஹெர்பல்தானப்பா, ஒண்ணும் செய்யாது, குடின்னான். படிச்ச புள்ள, தப்பா சொல்வானா?"

ரோனி, தம்பியை அடித்தேன், புருஷனை அடித்தேன், நீ கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாய், தப்பித்தாய். டியூட்டி அவசரத்தில் போனை வைப்பதற்காக நீ சொன்ன ஒரு வார்த்தையை அந்த மனுஷன் டாக்டர் பேச்சுக்கும் மேலே தூக்கி வைத்திருக்கிறார். நாங்கள் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலம் எங்கே என்று கண்ணாலேயே தேடுகிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கடை உடைந்ததால் ஊரில் பொடிக்குப் பஞ்சம் வந்துவிடாது, நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் போதும் அவருக்கு.

உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் உன் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் முடிக்கிறேன். மாதா உன்னைக் காப்பாளாக, வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. லீவு போட்டு ஓடிவர வேண்டாம். இன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டு, தெரியாம சொல்லிட்டேம்பா என்று உன் வாயால் சொல். வெட்கமாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள், நீ சொல்லாவிட்டால் அவர் மறுபடியும் குடிப்பார், என் மகன் சொன்னான் என்று சொல்லிக்கொண்டே குடிப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
டெய்சி இன்பராஜ்