தடிப்பான பக்கம் இடது

பாலக்கரை, திருச்சி
அரையாண்டு லீவு முடிந்து மூன்றாம் வாரம்

அன்பு மகன் பரக்கத் அலிக்கு உன் அம்மா நஜ்முன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உன் சுகத்துக்கு துஆ செய்கிறேன். போனில் என்னை முழுதாகப் பேச விடமாட்டாய். அதனால் சவூதிக்கு, உன் தம்மாமுக்கே திரும்பும் உன் சின்னையாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் இன்ஷா அறிவியலில் முப்பத்தொன்று வாங்கியதற்கு, பத்தாவதோடு போதும், நிறுத்திவிடலாம் என்றாய். கூடப் பிறந்த இரட்டை அப்ரார் தொண்ணூறு வாங்குகிறான், ஒரே டீச்சர்தானே என்றாய். எனக்கும் அது விளங்கவில்லை. நான் படித்தது ஐந்தாவது. இருந்தாலும் இரண்டு பேர் பக்கத்திலும் உட்கார்ந்து கவனித்தேன்.

அப்ரார் ஒரு முறை காதில் கேட்டால் அப்படியே ஒப்பிப்பான். இன்ஷாவோ இதயப் பாடத்தை ஒன்பது முறை படித்தும் ஏறாமல் அழுதாள். உனக்கு என்னதான்டி வேணும் என்றேன். தொட்டுப் பார்க்கணும் என்றாள்.

கறிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டு இதயம் கேட்டேன். என்னம்மா, ஒண்ணே ஒண்ணா, யாருக்குப் பத்தும் என்றார் கடைக்காரர். பரீட்சைக்குப்பா என்றேன்.

அரிவாள்மனையில் அவளே பிளந்தாள். உள்ளே நான்கு அறை. அப்ரார் பாடத்தைத் தப்பில்லாமல் சொன்னான். இதயத்தைத் திருப்பி வைத்து இடது எது என்று நான் கேட்டதும் விழித்தான். இவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் அழுத்தினாள். தடிப்பா இருக்கிற பக்கம் இடது, உடம்பு முழுக்க ரத்தம் தள்ளணும்ல, அதான்டா என்றாள். நானும் விரலை விட்டுப் பார்த்தேன். உண்மைதான். பிறகு கழுவிக் குழம்பில் போட்டோம்.

மறுநாள் இன்னொன்றை டப்பாவில் ஸ்கூலுக்குக் கொண்டுபோனாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பிரேமலதா டீச்சர் சைவம். நான் தொட மாட்டேன், நீயே காட்டும்மா என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாராம். அந்தப் பாடத்தில் டெஸ்ட் வைத்தார். இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. வரலாறுதான் இன்னும் ஏறவில்லை. அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எட்டாவதில் உனக்கும் இப்படித்தான் இருந்ததா? அந்த வருடம் டேபிள் ஃபேனைப் பிரித்துத் திரும்ப மாட்டினாய். அது ஓடியது. நான் உன்னை அடித்தேன். இவனுக்குப் படிப்பு வராதும்மா என்றார் வாத்தியார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்று அங்கே எத்தனை ஏசியைப் பிரித்து மாட்டுகிறாயோ.

போதும் என்று இந்த வீட்டில் ஒரு முறை நான் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே வாப்பா. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும்.

உன் அம்மா
நஜ்முன்னிசா